ஆறு மாதம் ஆகாத நினைவு

செத்துப்போனவர்கள் நிலம் விற்பது எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. கைரேகையை ரப்பரில் வார்த்தார்கள். கண்பாவையைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றினார்கள். முகத்தைக் கம்ப்யூட்டர் வரைந்தது; குரலையும் அதுவே பேசியது. வீடியோ காலில் வந்து, "தம்பி சௌக்கியமா?" என்று விசாரித்து, பேசிய விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போன ஒரு பெரியவருக்கு அன்றைக்கு நாலாவது திவசம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வியாபாரத்தை முடித்துவைத்த நிலப் புரோக்கர் தவசிராஜன் அடியேன்தான். கமிஷனில் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. உயிரோடிருப்பவர்களிடம் அந்த நாணயம் அபூர்வம்.

அந்தப் பெரியவரிடம் மனை வாங்கி ஏமாந்தவள் ஜெசிந்தா. செவல்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினோரு வருஷச் சேமிப்பு. அஸ்திவாரம் தோண்டி முடித்த மறுவாரம் நிஜ வாரிசுகள் ஜே.சி.பி.யோடு வந்து அதை நிரவிவிட்டுப் போனார்கள். அவளும் மகளும் வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

இந்த மாதிரிக் கூத்துகளை ஒழிக்கத்தான் அரசாங்கம் சட்டியைக் கொண்டுவந்தது. அரசாணையில் அதற்கு 'நில நினைவு மெய்ப்புக் கருவி' என்று பெயர். கவிழ்த்த இட்லிச் சட்டி மாதிரி இருந்ததால் ஜனங்கள் சட்டி என்றார்கள். கொஞ்ச நாளில் சார்பதிவாளர் அலுவலகக் கதவிலேயே 'சட்டி அறை' என்று பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள்.

சட்டி வந்த மறுமாதம் ஜெசிந்தா என் ஆபீஸ் படியேறினாள். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உட்காருங்கம்மா. பழசை மனசுல வச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"வச்சுக்கிட்டுதான் வந்திருக்கேன். அந்த மனையில நீங்களும் ஏமாந்தீங்களா, இல்ல தெரிஞ்சே வித்தீங்களான்னு எனக்கு இன்னும் முடிவாகல."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. போட்டோவுக்கு மாலை போட்டு வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். வீடியோவுல எங்க மாலை தெரியுது?"

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு மனை வேணும் அண்ணாச்சி."

"எங்கிட்டயா?"

"புது ஆள்கிட்டப் போனா புது விதமா ஏமாறணும். நீங்க எப்படி ஏமாத்துவீங்கன்னு எனக்கு ஓரளவு தெரியும்."

வத்தல் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். இப்படி மனசாரத் திட்டி, அதே மூச்சில் சரக்குக் கேட்கிற ஆள்தான் அசல் வாடிக்கை என்று எனக்குத் தெரியும். டீ சொன்னேன்.

"சட்டி எப்படி வேலை செய்யுது? முதல்ல அதைச் சொல்லுங்க."

"பழகுன எடத்தை நினைச்சுப் பார்த்தா மண்டைக்குள்ள ஒரு துடிப்பு வருதாம். நாம நடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது வந்துட்டுப் போயிருமாம். சட்டி அதைப் பிடிச்சுத் திரையில படமா வரைஞ்சு, நூத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடும். விக்கிறவருக்கு அறுபது வேணும். எடத்தை அறியாதவன் அதை விக்க முடியாது."

"நேத்துப் போய் நல்லாப் பார்த்துட்டு வந்து உட்கார்ந்தா?"

"செல்லாது. புது நினைப்பு மண்டையில ஈரமாக் கெடக்குமாம். ஆறு மாசம் காஞ்ச நினைவுதான் சட்டப்படி நினைவு. அதுக்குக் கொறஞ்சதைச் சட்டி எடுத்துக்காது."

"வாங்குறவங்க?"

"அவங்களும் மாட்டணும். எடத்தைக் கண்ணால பார்த்துத்தான் வாங்குறாங்களான்னு சோதனை. அவங்களுக்கு இருபது போதும். அதுவும் ஆறு மாசம் காஞ்சதா இருக்கணும். இனிமே அவசரப்பட்டு ஒருத்தரும் ஏமாற முடியாது, நிதானமாத்தான் ஏமாறணும்."

அதற்கும் அவள் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஊரை விட்டு நாலு கிலோமீட்டரில் ஐசுவரிய நகர். முந்நூற்றுப் பன்னிரண்டு மனைகள், நடுவில் சிமெண்ட் யானை, மூன்றே மூன்று வீடுகள். அதில் நூற்றுப் பதினாலாம் மனை சென்னையில் இருக்கும் உலகநாதன் என்பவருக்குச் சொந்தம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், டி.வி. விளம்பரம் பார்த்து, இலவச வேனில் வந்து, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, அங்கேயே முன்பணம் கட்டி வாங்கினார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பத்திரம் மட்டும் பேங்க் லாக்கரில் பத்திரமாகத் தூங்கியது.

பதிவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கத் தனியார் கடைகள் முளைத்திருந்தன. உலகநாதனை அங்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சட்டி மாட்டினேன். திரையில் ஜிகினாத்தாள் பொட்டலம் ஒன்று தெளிவாக வந்தது. அதற்குள் பிரியாணி. ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. எண்ணெய் மினுமினுக்கும் ஒரு கோழிக்கால். மனை நாலு மார்க் வாங்கியது. கோழிக்காலுக்குத் தனியாக மார்க் போட வசதி இருந்திருந்தால் தொண்ணூறு தேறும்.

"மிஸ்டர் தவசி, இது அநியாயம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கிளியரா இருக்கு."

"எல்லாம் கிளியரா இருக்கு சார். நீங்கதான் கிளியரா இல்ல."

அவர் ஒருவர் மட்டும் அல்ல. தமிழ்நாடு பூராவும் இதே கதைதான். லட்சக்கணக்கான பேர் தாங்கள் மிதிக்காத நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அண்ணன்மார் தம்பிகளை வயல் பக்கமே விடாமல் விரட்டினார்கள். பார்த்தால் மார்க் ஏறிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து மனைகளில் எல்லாம் குடும்பம் குடும்பமாக ஜமுக்காளம் விரித்து, புளிசாதமும் துவையலுமாக உட்கார்ந்து, பொட்டல் தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'நினைவு போடுதல்' என்று பெயர் வந்தது. ஆறு மாதம் பார்த்து, ஆறு மாதம் காயவைத்தால் நினைவு தயார்.

உலகநாதனும் நினைவு போட வந்தார். சனிக்கிழமை ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரில் ஐசுவரிய நகர் போய், நூற்றுப் பதினாலு முன்னால் காரை நிறுத்தி, ஏ.சி.யைக் கூட்டி வைத்து, போனில் கிரிக்கெட் பார்ப்பார். "கொஞ்சம் இறங்கி நடங்க சார்" என்றால், "வெயில் சேராது. கண்ணாடி வழியாத் தெரியுதே" என்பார்.

இரண்டாம் வாரம் ஜெசிந்தாவும் குடையோடு வந்து நின்றாள்.

"நீங்க எதுக்கும்மா வாராவாரம்? உங்களுக்கு நாலு தரம் பார்த்தாப் போதுமே."

"ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி பேஷண்ட் அவர்தானான்னு ரெண்டு தரம் பேர் கேட்போம் அண்ணாச்சி. வாராவாரம் வர்றது இவர்தானா, இவர் மாதிரி வேற ஆளான்னு நான் பார்க்க வேண்டாமா?"

பார்த்தாள். உலகநாதனையும் பார்த்தாள், மனையையும் பார்த்தாள். நாலு மூலையையும் காலால் அளந்தாள். எந்தக் கல் சாய்ந்திருக்கிறது, எந்த வேலமரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறது, எறும்புப் புற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் குறித்தாள். ஏமாந்துவிடக் கூடாது என்ற பயத்தில் ஒருத்தி ஒரு இடத்தை இத்தனை ஆசையாகப் பார்ப்பாள் என்று நான் நினைத்ததில்லை. சில நாள் சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று குடைக்கம்பியால் தரையில் கோடு போட்டுப் பார்ப்பாள். நான் கவனிப்பது தெரிந்தால் செருப்பால் அழித்துவிடுவாள்.

அந்தப் பொட்டலில் ஆடு மேய்க்கிற இருளப்பனுக்கு இது பெரிய வேடிக்கை. ஐம்பத்தைந்து வயசு ஆள். தலையில் எப்போதும் துண்டு உருமால்.

"ஏன் அண்ணாச்சி, இங்கன என்ன பொதையலா கெடக்கு? வாராவாரம் வந்து வெறுந்தரையப் பாக்குறீக?"

"நினைவு போடுறோம்யா."

"அது சரி. எங்க ஆடுகதேன் நெதம் போட்டுக்கிட்டிருக்கே. அதுக பேருக்கு எழுதிப்புடுங்க."

உலகநாதனே சிரித்துவிட்டார். காரை விட்டு இறங்காமல் எல்லாருக்கும் டீ வாங்கித்தந்தார். ஜெசிந்தா மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்கய்யா, ஊரே காஞ்சு கெடக்கு. இங்க மட்டும் ஆட்டுக்குப் புல் இருக்கே, எப்படி?"

"இங்கன புல்லு காயாது தாயி. அடியில ஈரம்."

அதையும் அவள் எழுதிக்கொண்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐசுவரிய நகரில் எனக்கும் இரண்டு மனை உண்டு. அடியில் ஈரம் என்றால் போர் போட்டால் தண்ணீர் வரும், விலை கூடும் என்றுதான் என் புத்தி போயிற்று.

ஒரு வருஷம் கழித்துப் பதிவு நாள் வந்தது. சார்பதிவாளர் பூரணலதா மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சட்டி அறையில் உட்கார்ந்திருந்தார். பத்திரத்தில் அடையாளச் சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நான். இன்னொன்றுக்கு, டீக்கடையில் நிற்கிற யாரையாவது இழுத்து வருவது எங்கள் தொழில் வழக்கம். நான் அன்றைக்குச் சிக்கனமாக யோசித்து இருளப்பனைக் கூட்டிவந்திருந்தேன். கூலி ஒரு வேட்டி என்று பேச்சு.

உலகநாதன் சட்டி மாட்டினார். திரையில் கார் ஏ.சி.யின் காற்றுத் துளை, அதில் ஒட்டிய பிள்ளையார், போனில் ஒரு பேட்ஸ்மேன். பின்னால் மங்கலாக ஏதோ தரை. முப்பத்தொன்று.

"அறுபது வேணுமே சார்" என்றார் மேடம். "சரி, வாங்குறவங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஜெசிந்தா மாட்டினாள். அறையில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். வேலமர நிழல் இலை இலையாக வந்தது. சாய்ந்த கல், புற்று, ஆட்டுக் குளம்புத் தடம், நாலு மூலை, குடைக்கம்பிக் கோடு. கோட்டுக்குள் ஒரு அடுப்பு மேடைகூட வந்தது. அது இன்னும் கட்டப்படாத சமையலறை. தொண்ணூற்றொன்று.

கம்ப்யூட்டர் சிவப்பு விளக்குப் போட்டது. மேடம் குனிந்து வாசித்தார். "நினைவு குறைந்தவர் நினைவு கூடியவருக்கு விற்கிறார். மோசடி மாதிரி எண் பதினேழு. உரிமையாளரை மிரட்டி, அவர் நிலத்தை அவருக்கே விற்பது." கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க நிலத்தை நீங்களே எப்படி விலைக்கு வாங்குவீங்க?"

"என் நிலம் இல்ல மேடம். சாரோடது."

"சட்டி அப்படிச் சொல்லலையே. பத்திரத்தை நம்பித்தான் நாடு கெட்டுதுன்னு சட்டமே மாத்தியிருக்காங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, ஒரு காசு செலவில்லாம உங்க பேருக்கு மாத்திடறேன். சார் மேல புகார் குடுக்கிறதுன்னா அடுத்த ரூம்."

உலகநாதனின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, என்னம்மா இது? என் ரிட்டயர்மென்ட்ல மிஞ்சினது அது ஒண்ணுதான். வாராவாரம் நான் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சியேம்மா."

ஜெசிந்தா பேனாவைக் கையில் எடுத்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் இரண்டு அங்குலம். வாடகை வீட்டுக்காரிக்கு ஓசியில் ஒரு மனை, கொடுப்பது சர்க்கார், பழி கம்ப்யூட்டர் தலையில். என்னால் அந்த இரண்டு அங்குலத்தை அரை நொடியில் தாண்டியிருக்க முடியும்.

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ஒரே சாம்பிளை வச்சு நாங்க ரிப்போர்ட் குடுக்கிறதில்ல மேடம். என்னைவிட இந்த எடத்தை நல்லாத் தெரிஞ்சவர் அந்தா நிக்கிறார். அவருக்கும் ஒருதரம் போட்டுப் பார்த்துடுங்க. அந்த எடத்துல மட்டும் புல் ஏன் காயலைன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"சாட்சிக்கு வந்தவருக்கெல்லாம் எதுக்கும்மா?"

"கட்டணம் நான் கட்டுறேன்."

இருளப்பன் உருமாலை அவிழ்த்துவிட்டுச் சட்டிக்குள் தலையைக் கொடுத்தார். "கனமா இருக்கே, கரண்ட்டு கிரண்ட்டு அடிக்காதுல்ல?"

திரை முதலில் பச்சையானது. அப்புறம் பழுப்பானது. அப்புறம் முழுக்கத் தண்ணீர்.

அந்தக் கரை இந்தக் கரை தெரியாத தண்ணீர். வெயில் பட்டுச் செதில் செதிலாக மின்னியது. கல்லால் கட்டிய மடை. மடை வாயில் முழங்காலளவு தண்ணீரில் பத்துப் பிள்ளைகள் துணியைப் பிடித்துக்கொண்டு மீன் அரிக்கிறார்கள். திடீரென்று படம் தலைகீழாகப் புரண்டு, பச்சை இருட்டாகி, மறுபடி வானம் வந்தது.

"அதுதேன்" என்றார் சட்டிக்குள்ளிருந்து இருளப்பன். "பத்து வயசுல முங்கிச் செத்துப் பொழைச்சேன். நூத்திப் பதினாலுன்னு இப்பக் கல்லு நட்டிருக்கீகளே, அந்த எடந்தேன். செவலங்கண்மாய்."

கம்ப்யூட்டர் நிதானமாகப் போட்டது: தொண்ணூற்றேழு. இட வகை: நீர்நிலை.

கண்மாயை யாரும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சட்டத்தில் அதைவிடப் பெரிய வில்லங்கம் கிடையாது. ஆவணங்களில் அது தரிசு என்றுதான் இருந்தது. கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் விசைப்பலகையாலேயே கண்மாயை வற்றவைத்துவிட்டார். மண் கொட்டியது அதற்கப்புறம்.

"ஏங்கய்யா, இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"யாரு தாயி கேட்டா? எல்லாரும் மனையத்தான கேட்டீக."

மேடத்தின் கை விசைப்பலகையை விட்டு எடுபட்டிருந்தது. ஐசுவரிய நகரில் அவர் வீட்டுக்காரர் பேரில் நாலு மனை இருப்பது எனக்குத் தெரியும், முடித்துக் கொடுத்ததே நான்தான். அவர் இருளப்பனிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "பெரியவரே, இதை ஆட்சேபம்னு எழுதிக் குடுக்கிறீங்களா?"

"எழுதிக் குடுத்தா?"

"சர்க்கார் எடுத்துக்கும். வேலி போட்டு, கண்மாய்னு போர்டு வைக்கும்."

"அப்ப என் ஆடுக?"

"உள்ள விடமாட்டாங்க."

"எனக்கு என்னத்துக்குத் தாயி ஆட்சேபணை? நல்லாத்தான இருக்கு" என்று இருளப்பன் சட்டியைக் கழற்றி வைத்தார்.

மேடம் பெருமூச்சு விட்டு ஒரு விசையைத் தட்டினார். தண்ணீர் போய்விட்டது. "ஆட்சேபம் இல்லாத வெளியாள் நினைவு பதிவாகாது."

"நான் எழுதிக் குடுக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

"நீங்க எப்பம்மா தண்ணியைப் பார்த்தீங்க?"

"இப்பதான். உங்க முன்னாடி."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். ஒரு வியாபாரம் முறியப் போகிறது என்றால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொள்ளும். நெஞ்சில் கைவைத்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, சொந்தத் தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன்: "ஆறு மாசம் ஆகாத நினைப்பு சட்டப்படி நினைப்பே இல்லம்மா. அப்படிப் பார்த்தா இந்த ரூம்ல இருக்கிற யாரும் எதையும் பார்க்கலை. பேசாம கையெழுத்தைப் போடுங்க. நாலஞ்சு மாசத்துல நானே அதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுத் தர்றேன். சாருக்குப் பாதி குடுங்க, பாவம். மீதியில மேட்டுப் பக்கமா சுத்தமான மனை ஒண்ணு உங்களுக்கு முடிச்சுத் தர்றது என் பொறுப்பு. கமிஷன்கூட வேண்டாம்."

உலகநாதன் 'பாதி' என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"யார்கிட்டத் தள்ளிவிடுவீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எவராவது வருவாங்கம்மா."

"போன தரம் அந்த எவராவது நான்தான் அண்ணாச்சி."

நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினாள். அதிலிருந்து ஆறு மாதம் எண்ணி இன்னொரு தேதியை எழுதி வட்டம் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருளப்பன் என்னைப் பார்த்து, "வேட்டி உண்டுல்ல?" என்றார்.

அடுத்த ஆறு மாதம் ஐசுவரிய நகருக்கு வந்த யோகத்தை என்ன சொல்ல. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சட்டப்படி ஒன்றும் அறியாத குழந்தைகள். ஆனால் கெடு தேதி தெரிந்த குழந்தைகள். மேடத்தின் வீட்டுக்காரர் நாலு மனையையும் இரண்டே மாதத்தில் கைமாற்றினார். பிறகு மேடம் உடம்பு சரியில்லை என்று ராமநாதபுரம் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டார். உலகநாதன் மட்டும் முப்பத்தொன்று மார்க்கை வைத்துக்கொண்டு விற்க வழியில்லாமல் சென்னையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். எங்கள் எல்லாரிலும் குற்றம் செய்யாத மனிதர் அவர்தான், மார்க் பற்றவில்லை.

என் இரண்டு மனைகளையும் புதுசாக மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பையனும் அவன் மனைவியும் வாங்கினார்கள். அரவிந்தன், தேன்மொழி. ஊருக்குப் புதுசு. போன வருஷமே நினைவு போட்டுக் காயவைத்திருந்தார்கள். நான் சட்டி மாட்டிக்கொண்டதும் திரையைத்தான் பார்த்தேன். திரையில் காய்ந்த தரை, கல், சிமெண்ட் யானை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. எழுபத்தெட்டு. "எவ்வளவு சுத்தமா வருது பாருங்க!" என்று தேன்மொழி புருஷனிடம் சொன்னாள். "இனிமே யாரும் யாரையும் ஏமாத்த முடியாதுல்ல அண்ணாச்சி?"

"முடியவே முடியாதும்மா" என்றேன்.

நடுவில் ஒருநாள் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியோடு ஜெசிந்தா வந்தாள்.

"பேர்?"

"என்னம்மா, என் பேர் தெரியாதா?"

"பேர் சொல்லுங்க."

"தவசிராஜன்."

கையில் ரப்பரைக் கட்டினாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். "மேட்டுத்தெரு பக்கம் ரெண்டு சென்ட் வந்திருக்கு. அசல் மேடு. உங்களுக்குன்னு யாருக்கும் சொல்லாம வச்சிருக்கேன். அந்தத் தேதியை மட்டும் கொஞ்சம் மறந்துடுங்க."

"நான் வேற எதையும் ஞாபகம் வச்சுக்கிறதே இல்ல அண்ணாச்சி. காலையில எந்திரிச்சதும் ஒருதரம், படுக்கப் போறப்ப ஒருதரம், அந்த ரூமைக் கண்ணை மூடிப் பார்த்துக்கிறேன். மறந்துடக் கூடாதுல்ல." ஊசி உள்ளே போனது. "அசையாதீங்க. நரம்பு வழுக்குது."

வட்டம் போட்ட தேதி ஒரு புதன்கிழமை. ஆட்சேப விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் போனேன். எனக்கென்ன, என் கையில் ஒரு மனையும் இல்லை. பதிவான பத்திரம், எழுபத்தெட்டு மார்க். வேடிக்கை பார்க்கிற தைரியம் இருந்தது. ஐசுவரிய நகர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் வராண்டாவரை நின்றார்கள். அரவிந்தனும் தேன்மொழியும் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். தெரிந்த முகம் என்று ஒரு ஆறுதல். "ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணாச்சி?" என்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள் தேன்மொழி. வயிற்றில் ஏழாம் மாதம்.

புதிதாக வந்திருந்த சார்பதிவாளர் சின்ன வயசுக்காரர். சட்டியை அவரே துடைத்து ஜெசிந்தாவுக்கு மாட்டினார்.

தண்ணீர் வந்தது. மடை, பிள்ளைகள், மீன் அரிக்கிற துணி. வராண்டாவில் "ஐயோ" என்று யாரோ சொன்னார்கள்.

நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். படம் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் மெல்லச் சுருங்கி ஒரு சட்டத்துக்குள் போயிற்று. அது திரை, சுவரில் மாட்டிய திரை. சுற்றிலும் இதே அறை. சட்டிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் இருளப்பன். விசைப்பலகையை விட்டு எடுபட்ட மேடத்தின் கை. வெளுத்த உலகநாதன். ஜெசிந்தா கண்மாயை மட்டும் பார்த்துவைக்கவில்லை. கண்மாயைப் பார்த்தவர்களையும் ஒருவர் விடாமல் பார்த்துவைத்திருந்தாள், நாலு மூலையையும் அளந்த அதே கண்ணால். ஆறு மாதம், தினம் இரண்டு வேளை துடைத்துத் துடைத்து.

கடைசியாக ஒரு முகம் திரை நிறைய வந்து நின்றது. சட்டியில் ஒலி கிடையாது. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"யார் இந்த ஆள்?" என்று கேட்டார் சார்பதிவாளர். "இவருக்கும் அன்னைக்கே தெரியுமா? அதுக்கப்புறம் இவர் ஏதாவது வித்திருக்காரா?"

ஜெசிந்தா சட்டியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மூடியிருந்தது. என் பக்கத்தில் தேன்மொழி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். என் சட்டைக் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சில் வைத்த கை, ஒருபக்கமாகச் சாய்ந்த தலை, சொந்த அண்ணன் மாதிரி ஒரு சிரிப்பு. முகம் பார்த்தே சரக்கு எடை போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். அந்த முகத்திடமிருந்து நான் கால் சென்ட் நிலம்கூட வாங்கியிருக்க மாட்டேன்.